மலைத்தோட்டத்தில் கமேலியா வளர்ப்பது எப்படி

கமேலியாவும் தேயிலையும் ஒரே பேரினம். தேயிலையின் தாவரவியல் பெயர் கமேலியா சினென்சிஸ். பூவுக்காக வளர்ப்பவை பெரும்பாலும் கமேலியா ஜப்போனிக்கா, கமேலியா சசான்குவா, அவற்றின் கலப்பினங்கள். ஆகவே குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, கொடைக்கானல், இலங்கையின் நுவரெலியா போன்ற தேயிலைக் குளிர் ஊர்களில் கமேலியாவுக்கு மண்ணும் காற்றும் ஏற்கெனவே தயாராக இருக்கின்றன. தேயிலை வேலை தெரிந்தவருக்குப் பாதிப் பாடம் தெரிந்ததே. மீதிப் பாதியில்தான் சிக்கல். தேயிலையை வளர்ப்பது கொழுந்துக்காக, கமேலியாவை வளர்ப்பது பூவுக்காக. ஆழக் குழி, தோதுப்பட்ட மாதத்தில் கவாத்து, தாராளமாகத் தழைச்சத்து என்று தேயிலையில் கை பழகிய மூன்றும் கமேலியாவில் பூவைக் கெடுக்கும். சில நேரம் செடியையே கொல்லும்.

சமவெளிக்காரர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சென்னையிலும் மதுரையிலும் இது வேண்டாம். கமேலியா வெதுவெதுப்பான நாட்களில் மொட்டு கட்டும், ஆனால் அந்த மொட்டு ஒழுங்காக விரியக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். கீழே செடி கொஞ்ச காலம் பச்சையாக நிற்கலாம், பூ பார்ப்பது கடினம். புளிப்பு மண் கேட்கும் பூச்செடி ஒன்று சமவெளியிலும் வேண்டுமென்றால் இட்லிப்பூ இருக்கிறது. சுண்ணாம்பு மண்ணில் இட்லிப்பூவின் இளம் இலை மஞ்சளாவதும் கமேலியாவில் நாம் பார்க்கப்போகும் அதே கோளாறுதான். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டருக்கு மேல் இருப்பவர்கள் தயங்காமல் ஜப்போனிக்கா வைக்கலாம். அதற்குச் சற்றுக் கீழே இருப்பவர்கள் வெயிலைக் கூடுதலாகத் தாங்கும் சசான்குவாவை முயன்று பார்க்கலாம்.

இடம்

கமேலியா காட்டின் கீழ்த்தட்டுச் செடி. உயர்ந்த மரங்களின் அடியில் சல்லடை வெளிச்சம் விழும் இடம் அதற்குப் பிடிக்கும். சில்வர் ஓக் நிழல் நல்லது, ஆனால் மரத்தின் அடியில் ஒட்டி நடக்கூடாது. குறைந்தது 3 மீட்டர் தள்ளி வையுங்கள். யூகலிப்டஸ் பக்கம் போகவே வேண்டாம். அது மேல்மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும், கமேலியாவின் வேரும் அதே மேல்மண்ணில்தான் இருக்கிறது.

நிழல் நல்லது என்பதற்காக இருட்டில் வைத்துவிடுகிறவர்கள் உண்டு. அங்கே இலை கரும்பச்சையாக, அழகாக இருக்கும், மொட்டு வராது. பாதி நாளாவது வடிகட்டிய வெளிச்சம் கிடைக்க வேண்டும். மறுபக்கம், மதியத்துக்கு மேல் நேர்வெயில் விழும் சுவர் ஓரத்தில் இலையின் மேற்புறம் வெண்கல நிறமாகி, பிறகு காய்ந்த திட்டாக மாறும். இது நோயல்ல, வெயிற்காயம். மருந்து அடித்துப் பயனில்லை, செடியின் இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

உறைபனி விழும் ஊட்டிப் பள்ளத்தாக்குகளில் இன்னொன்றையும் கவனியுங்கள். இரவில் உறைந்த மொட்டின் மீது விடிந்ததும் சூரியன் நேராகப் பட்டால், இதழ் வேகமாக உருகித் திசுக்கள் கிழிந்து பழுப்பாகும். மெல்ல உருகினால் பெரும்பாலும் தப்பித்துவிடும். அதனால் பனிப் பகுதியில் கிழக்கு பார்த்த திறந்த இடத்தைத் தவிர்த்து, காலை வெயிலை ஒரு மரமோ வேலியோ மறைக்கும் இடத்தைத் தேடுங்கள். குளிர்காற்று வந்து தேங்கும் தாழ்வான மூலையைவிடச் சரிவின் நடுப்பகுதி மேல்.

மண்: புளிப்பு இருக்கிறதா, யாராவது கெடுத்தார்களா?

மண்ணின் புளிப்பைச் சொல்லும் அளவு பி.எச்.; 7-க்குக் கீழே எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். கமேலியாவுக்குப் பி.எச். 5.0 முதல் 6.5 வரை பரவாயில்லை, 5.5-ஐ ஒட்டி இருந்தால் சிறப்பு. நீலகிரியின் செம்மண்ணில் இயல்பாகவே இது அமைந்திருக்கும். ஆனால் வீட்டுத் தோட்டத்து மண் இயல்பான மண்ணாக இருப்பது அரிது. கட்டடம் கட்டியபோது கொட்டிய சிமெண்ட், இடித்த சுவரின் பழைய சுண்ணாம்புக் காரை, பாதை ஓரத்துக் கான்கிரீட் எல்லாம் பல ஆண்டுகள் மண்ணில் சுண்ணாம்பைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். வீட்டுச் சுவரிலிருந்து ஒரு மீட்டருக்குள் நட்ட செடி மட்டும் மஞ்சளாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். தேயிலைக் காட்டிலிருந்து மண் கொண்டு வருபவர்களும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: புளிப்பு மிஞ்சியதால் அங்கே டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூள் போட்டிருக்கிறார்களா?

சுண்ணாம்பு கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு பிடி உலர்ந்த மண்ணில் கொஞ்சம் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் அங்கே நட வேண்டாம். நுரைக்கவில்லை என்றால் பி.எச். சரி என்று அர்த்தமல்ல, கட்டிச் சுண்ணாம்பு இல்லை என்று மட்டுமே அர்த்தம். எண் தெரிய வேண்டுமென்றால் 15 செ.மீ. ஆழம் வரை நாலைந்து இடத்தில் மண் எடுத்துக் கலந்து ஆய்வகத்துக்குக் கொடுங்கள். வீட்டிலேயே பார்ப்பதாக இருந்தால் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்துக் கலக்கி, அரை மணி நேரம் விட்டு, பி.எச். தாளை நனைத்துப் பார்க்கலாம். குழாய்த் தண்ணீரில் கலக்கினால் குழாய்த் தண்ணீரின் பி.எச்.தான் தெரியும்.

பி.எச். 7 பக்கம் இருந்தால் கந்தகத் தூள் உதவும். வண்டல் கலந்த மண்ணில் ஓர் அலகு இறங்கச் சதுர மீட்டருக்குச் சுமார் 70 முதல் 100 கிராம் வேண்டும். மணற்பாங்கான மண்ணுக்கு அதில் பாதி போதும், களிமண்ணுக்குக் கூடுதலாகத் தேவைப்படும். கந்தகத்தை அமிலமாக்குவது மண்ணிலுள்ள பாக்டீரியா. குளிர்ந்த மண்ணில் அவை மெதுவாகவே வேலை செய்யும். ஆகவே நடுவதற்கு நாலைந்து மாதம் முன்பே கந்தகத்தைக் கலந்து, மறுபடி சோதித்துவிட்டு நடுங்கள். எலுமிச்சைச் சாறு, வினிகர் ஊற்றுவதெல்லாம் இரண்டு மழைக்குத் தாங்காது. காபிச் சக்கையும் தேயிலைச் சக்கையும் மக்கினால் நல்ல உரம்தான், ஆனால் மண்ணைப் புளிக்க வைக்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு. பாலும் சர்க்கரையும் சேர்ந்த சக்கையைப் போட்டால் எறும்புதான் வரும்.

தண்ணீரும் மண்ணை மாற்றும். கெண்டியின் அடியில் வெள்ளைப் படிவு விடும் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் இரண்டு மூன்று ஆண்டில் நல்ல மண்ணும் புளிப்பு போய்க் காரமாகிவிடும். கூரை மழைநீரை ஒரு தொட்டியில் பிடித்து வைப்பது, உரம் வாங்குவதைவிடப் பலன் தரும் செலவு.

நடுவது

தேயிலைக்கு 45 செ.மீ. ஆழம் குழி எடுத்துப் பழகிய கை இங்கே நிற்க வேண்டும். கமேலியாவின் உணவு வேர்கள் பெரும்பாலும் மேல் 20, 30 செ.மீ. மண்ணிலேயே பரவும். ஆழக் குழி எடுத்து நெகிழ்ந்த மண்ணை நிரப்பி நட்டால், அடுத்த இரண்டு மழையில் அந்த மண் அமுங்கும், செடியும் கூடவே இறங்கும். தண்டின் அடி மண்ணுக்குள் போனால் பட்டை அழுகும். அழுகாவிட்டாலும் செடி ஆண்டுக்கணக்கில் வளராமல், பூக்காமல் முறைத்துக்கொண்டு நிற்கும். நர்சரியில் வாங்கி ஐந்து ஆண்டு ஆகியும் அப்படியே இருக்கும் கமேலியாவின் அடியில் விரலால் மண்ணை விலக்கிப் பாருங்கள். பெரும்பாலும் வேர் பிரியும் இடம் நாலு விரல் ஆழத்தில் புதைந்திருக்கும்.

குழியின் ஆழம், பையிலிருக்கும் வேர்க்கட்டியின் உயரத்தைவிட இரண்டு செ.மீ. குறைவாக இருக்கட்டும். அகலம் வேர்க்கட்டியைப் போல் இரண்டு, மூன்று மடங்கு. குழியின் அடியைக் கொத்த வேண்டாம், செடி உட்காரக் கெட்டியான தரை வேண்டும். பக்கங்களை மட்டும் நன்றாகக் கொத்தி இளக்குங்கள். எடுத்த மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு நன்கு மக்கிய இலைமக்கைக் கலந்துகொள்ளுங்கள். பச்சைச் சாணம், கோழி எரு, எலும்புத் தூள், விறகுச் சாம்பல் எதுவும் குழிக்குள் வேண்டாம். கோழி எருவிலும் சாம்பலிலும் சுண்ணாம்புச் சத்து கணிசமாக உண்டு. ரோஜாவுக்குப் போடுகிற கைப்பழக்கத்தில் எலும்புத் தூளை அள்ளிப் போடுவதுதான் அடிக்கடி நடப்பது.

பையைக் கிழித்ததும் வேரைப் பாருங்கள். வட்டமாகச் சுற்றியிருந்தால் கூர்மையான கத்தியால் மேலிருந்து கீழாக மூன்று நாலு இடத்தில் ஒரு செ.மீ. ஆழம் கீறிவிடுங்கள். கீறத் தயங்கினால் அந்த வட்ட வேர் வெளி மண்ணுக்குப் போகாது. பெருமழையில் பைக்கட்டி மட்டும் ஊறும், கோடையில் அது மட்டும் காயும். நட்டு முடிந்ததும் வேர்க்கட்டியின் மேற்பரப்பு சுற்றுத் தரையைவிட இரண்டு மூன்று செ.மீ. உயர்ந்து தெரிய வேண்டும். மண் களியாக இருந்து மழைநீர் தேங்கும் என்றால் குழியே வேண்டாம். தரைமேல் 25, 30 செ.மீ. உயரம், ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு மேடு கட்டி அதில் நடுங்கள். நீர் தேங்கும் இடத்தில் பைட்டாப்தோரா என்ற நுண்ணுயிரால் வேரழுகல் வரும். அது வந்த செடி, ஈரமண்ணில் நின்றுகொண்டே தண்ணீர் இல்லாததுபோல் வாடும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினால் முடிந்தது. சசான்குவாவின் வேர் இந்த அழுகலைக் கூடுதலாகத் தாங்கும், அதனால்தான் ஜப்போனிக்காவைச் சசான்குவா வேரில் ஒட்டுக்கட்டுகிறார்கள்.

இடைவெளி: தனிச்செடிக்கு இரண்டு மீட்டர், சசான்குவா வேலிக்கு ஒரு மீட்டர். நடும் காலம்: தென்மேற்கு மழை நன்றாகக் கிடைக்கும் பக்கத்தில் ஜூன், வடகிழக்கு மழையை நம்பும் கோத்தகிரி, கொடைக்கானல் பக்கத்தில் செப்டம்பர் கடைசி. எப்படியும் ஜனவரி வறட்சிக்கு முன் மூன்று மாதமாவது வேர் ஓட வேண்டும்.

மூடாக்கு, தண்ணீர், உரம்

சில்வர் ஓக் சருகு, மக்கத் தொடங்கிய பைன் ஊசி, தேயிலைக் கவாத்துக் குச்சியைப் பொடியாக்கியது, எது கிடைத்தாலும் 5 முதல் 7 செ.மீ. கனத்துக்குப் போடுங்கள். தண்டைச் சுற்றி 10 செ.மீ. வெறுமையாக விடுங்கள். குவித்து வைத்தால் அடிப்பட்டை அழுகும், எலியும் அதில் குடியேறும். மூடாக்கு போட்ட பிறகு செடிக் குடையின் கீழ் மண்வெட்டியும் களைக்கொத்தும் நுழையக்கூடாது. களையைக் கையால் பிடுங்குங்கள். மண்ணைக் ‘கிளறிவிடுவது’ நல்லது என்று தோட்ட வேலைக்கு வருபவர் சொன்னாலும், கமேலியாவின் அடியில் மட்டும் தடுத்துவிடுங்கள். அவர் வெட்டுவது வேரை.

முதல் இரண்டு ஆண்டு, ஜனவரி முதல் கோடை மழை வரும் வரை வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 10 லிட்டராவது விட வேண்டும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதில் பயனில்லை. நிலைத்த செடிக்கு வறட்சி நீளும்போது மட்டும் போதும். ஆனால் மொட்டு கட்டிய பிறகு ஒரு முறை மண் நன்றாகக் காய்ந்துவிட்டால் அதன் விளைவு உடனே தெரியாது. சில வாரம் கழித்து, விரிய வேண்டிய நேரத்தில் மொட்டு முழுசாக உதிரும். அன்று தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. மொட்டு உதிர்வுக்கு முதல் காரணம் வறட்சி. அடுத்தவை வேரில் நீர் தேங்குவதும், கிளைக்குத் தாங்காத அளவு மொட்டு கட்டுவதும், பகல் இரவு வெப்பம் திடீரென மாறுவதும்.

உரத்தில் அம்மோனியம் சல்பேட் பொருத்தமானது. தழைச்சத்தோடு கொஞ்சம் புளிப்பையும் தரும். இளஞ்செடிக்கு ஒரு தடவைக்கு 15 கிராம், வளர்ந்த செடிக்கு 40 கிராம், அதில் பாதி அளவு பொட்டாசியம் சல்பேட். பூ முடிந்து புதுத் துளிர் கிளம்பும்போது ஒரு முறை, ஜூனில் இன்னொரு முறை. மண் ஈரமாக இருக்கும்போது, தண்டை விட்டு விலகி, குடையின் விளிம்புவரை தூவுங்கள். ஆகஸ்டுக்குப் பிறகு நிறுத்திவிடுங்கள். அதன்பின் போடும் தழைச்சத்து மொட்டைத் தள்ளிவிட்டுத் துளிரை இழுக்கும், அந்தத் துளிரையும் பனி கருக்கும். ரசாயனம் வேண்டாம் என்பவர்கள் ஏப்ரலில் செடிக்கு 150 கிராம் வேப்பம் புண்ணாக்கோ ஆமணக்குப் புண்ணாக்கோ போட்டு மூடாக்குக்குள் தள்ளிவிடலாம். இலை நுனியும் விளிம்பும் பழுப்பாகிக் காய்ந்தால் உரம் மிஞ்சியிருக்கிறது. மழைநீரால் நன்றாக அலசி விடுவதே வழி.

மொட்டும் கவாத்தும்

பூ முடிந்ததும் துளிர் வரும், அது முற்றியதும் நுனியில் அடுத்த பருவத்துக்கான மொட்டு உருவாகத் தொடங்கும். அதாவது நடு ஆண்டிலேயே பூவின் கணக்கு எழுதப்பட்டுவிடும். தேயிலையில் பூ வருவது நட்டம், அங்கே கவாத்தின் நோக்கமே செடியைக் கொழுந்துப் பக்கம் திருப்புவது. அதே கத்தரியோடு ஆகஸ்டில் கமேலியாவைச் சமமாக மட்டம் தட்டினால் வரும் குளிர்காலத்தின் பூ முழுவதையும் வெட்டிப் போட்டதாகும். கவாத்துக்கு ஒரே காலம்தான்: கடைசிப் பூ உதிர்ந்த பின், புதுத் துளிர் நீளும் முன். சென்ற ஆண்டின் வளர்ச்சி தொடங்கிய இடத்தில் பட்டையில் ஒரு மெல்லிய வடு தெரியும். அதற்குச் சற்று மேலே வெட்டினால் மூன்று நாலு கிளை பிரியும். உள்ளே நெருங்கிய மெல்லிய குச்சிகளை எடுத்துவிடுங்கள். உயர்ந்து வெறுங்காலாக நிற்கும் பழைய செடியைத் தேயிலை போலவே 60 செ.மீ. உயரத்துக்கு வெட்டினாலும் மறுபடி துளிர்க்கும். பூவுக்கு இரண்டு மூன்று ஆண்டு பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெரிய பூ வேண்டுமென்றால் மொட்டைக் கலைக்க வேண்டும். உருண்டு தடித்தது பூமொட்டு, மெலிந்து கூர்மையானது இலைமொட்டு. ஒரு நுனியில் மூன்று நாலு பூமொட்டு சேர்ந்திருந்தால், பட்டாணி அளவானதும் ஒன்றை விட்டு மற்றவற்றைத் திருகி எடுங்கள். இழுக்காதீர்கள், நிற்க வேண்டியதும் சேர்ந்து வந்துவிடும். சசான்குவாவுக்கு இந்த வேலை தேவையில்லை, அதன் அழகே எண்ணிக்கையில்.

வகை தேர்வில் ஒரு வார்த்தை. மழையும் பனியும் பூவின் மேலேயே விழும் ஊரில் வெள்ளை அடுக்குப்பூ ஏமாற்றம் தரும். 1792-இல் சீனாவிலிருந்து இங்கிலாந்து போய்ச் சேர்ந்த ஆல்பா பிளீனா மிக அழகான வெள்ளை, ஆனால் ஒரு பனி இரவு போதும், விளிம்பெல்லாம் பழுப்பு. பல ஜப்போனிக்காக்கள் வாடிய பூவைச் செடியிலேயே பிடித்துக்கொண்டிருக்கும், தினமும் கிள்ள வேண்டும். ஜப்போனிக்காவும் சாலுவெனென்சிஸும் கலந்த வில்லியம்சி வகைகள் (டொனேஷன், டெபி போன்றவை) பழம்பூவைத் தாமே உதிர்த்துவிடும். ஈரமான ஊர்களுக்கு முதல் செடியாக அவற்றையே சொல்வோம்.

மஞ்சள் இலை, கரும்பூசணம், மற்றவை

இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் அல்ல, பி.எச். ஏறியதால் வேர் அதை எடுக்க முடியவில்லை. இரும்புச் செலேட் (வேர் எடுக்கக்கூடிய வடிவில் இருக்கும் இரும்பு) வேரில் ஊற்றினால் சில வாரத்தில் பச்சை திரும்பும். காரம் ஏறிய மண்ணுக்கு இ.டி.டி.எச்.ஏ. வகைச் செலேட்தான் நிற்கும். ஆனால் சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காதவரை அது மீண்டும் வரும். எப்சம் உப்பு இதற்கு மருந்தல்ல. அடியிலுள்ள பழைய இலைகள் மட்டும் மஞ்சளாகி உதிர்ந்தால் அது வயது. இலையில் ஒழுங்கற்ற பொன்மஞ்சள் திட்டுகள் தெறித்திருந்தால் பெரும்பாலும் வைரஸ். செடியைக் கொல்லாது, குணமும் ஆகாது. அதிலிருந்து குச்சி மட்டும் எடுக்காதீர்கள்.

இலைமேல் கரி பூசியதுபோல் இருந்தால் இலையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். செதில் பூச்சியோ அசுவினியோ சுரக்கும் தேன்நீரில்தான் கரும்பூசணம் வளரும். லிட்டர் தண்ணீருக்கு 10 மி.லி. வேப்பெண்ணெயும், அது கரையும் அளவு சோப்புக் கரைசலும் சேர்த்து, மூட்டமான நாளில், இலையின் அடி நனையத் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. வெயிலில் தெளித்தால் இலை கருகும். வறண்ட மாதங்களில் இலை செம்பழுப்பாக மங்கினால், தேயிலையில் பார்த்துப் பழகிய செஞ்சிலந்தி இங்கேயும் வந்திருக்கிறது. ஈரமான காலத்தில் துளிர் இலை தடித்து, சதைப்பற்றாக வீங்கி, அடியில் வெளுத்தால் அது எக்சோபேசிடியம் என்ற பூஞ்சை. தேயிலைக் கொப்புள நோயின் பூஞ்சைக்கு உறவு, ஆனால் வேறு இனம். வெண்மை படரும் முன் கிள்ளிப் புதைத்துவிட்டால் போதும்.

தொட்டியில்

30 செ.மீ. தொட்டியில் தொடங்கி, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை ஓர் அளவு மட்டும் கூட்டுங்கள். செம்மண், இலைமக்கு, கழுவிய தென்னை நார்க்கழிவு, பருமணல் நான்கும் சம பங்கு. நார்க்கழிவைக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள உப்பு வேரைச் சுடும். புது சிமெண்ட் தொட்டி வேண்டாம், அது சுண்ணாம்பைக் கசியவிடும். மண் தொட்டியோ பிளாஸ்டிக்கோ போதும்.

புதுச் செடி எடுக்க

இங்கே தேயிலை நாற்றங்கால் அறிவு அப்படியே உதவும். அந்த ஆண்டுத் துளிர் அரைகுறையாக முற்றி, பட்டை பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறும்போது, ஓர் இலை, அதன் கக்கத்தில் ஓர் உயிர்மொட்டு, கீழே 3, 4 செ.மீ. தண்டு என்று ஒற்றைக் கணுத் துண்டுகளாக வெட்டுங்கள். பூமொட்டு இருந்தால் கிள்ளிவிடுங்கள். பாலித்தீன் பையின் அடியில் இலைமக்கு கலந்த மேல்மண், மேலே 8 செ.மீ. அளவுக்கு அடிமண்ணும் மணலும் சமமாக. வெட்டுவாயில் ஐ.பி.ஏ. வேரூக்கித் தூள் தொட்டு, இலை மண்ணில் படாமல் செருகி, நிழலில் பாலித்தீன் கூடாரம் போட்டு மூடுங்கள். வேர் விட இரண்டரை முதல் நாலு மாதம் ஆகும். கூடாரத்தை ஒரே நாளில் எடுத்துவிடாமல் இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். பூவுக்கு மூன்று நாலு ஆண்டு.

விதையும் முளைக்கும். ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, மூழ்கியதை மட்டும் எடுத்து நட வேண்டும். ஆனால் நாற்றில் தாய்ப் பூ அப்படியே வராது, முதல் பூவுக்கு ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ ஆகலாம். ஒட்டுக்கட்ட வேர்ச்செடி தேவைப்படுபவர்களுக்குத்தான் விதை பொருந்தும்.